பட்டறைக் கேள்வி–பதில்: பட்டையிலிருந்து கத்தி உரு வெட்டுவது

இந்த இதழில் வீட்டுப் பட்டறையில் கத்தி செய்வோரின் கேள்விகள் மட்டும். அதிலும் எஃகுப் பட்டையிலிருந்து கூர் வைக்காத கத்தி உருவை, பட்டறைப் பேச்சில் சொன்னால் ‘பிளாங்க்’கை, வெட்டி எடுத்து அரம் போட்டு முடிப்பது வரைதான். தோய்ச்சலும் (காய்ச்சிய எஃகை எண்ணெயில் முக்கிக் கடினமாக்குவது) கூர் வைப்பதும் வேறொரு இதழுக்கு.

கே: பழைய இரும்புக் கடையில் லாரி ஸ்பிரிங் பட்டை வாங்கினேன். அரை அங்குலம் இறங்குவதற்குள் மூன்று ஆக்ஸா (இரும்பு அறுக்கும் கைரம்பம்) பிளேடு மொண்ணையாகிவிட்டது. பிளேடு மட்டமா, என் கை சரியில்லையா? (வாசகர், நாமக்கல்)

ப: பிளேடையும் குறை சொல்ல வேண்டாம், கையையும் குறை சொல்ல வேண்டாம். பட்டை இன்னும் ஸ்பிரிங் பதத்திலேயே, அதாவது கடினப்படுத்திய நிலையிலேயே, இருக்கிறது. லாரிப் பட்டைகள் ஈஎன்45, எஸ்யூபி9 மாதிரியான ரகங்கள். தோய்ச்சல் போட்டு, எஃகின் கடினத்தைக் காட்டும் ராக்வெல் சி அளவில் சுமார் 42 முதல் 48 வரை பதம் வைத்துத்தான் வண்டியில் ஏறுகின்றன. பிளேடின் பல் அதைவிடக் கடினம்தான், ஆனால் அந்த வித்தியாசம் போதாது. பல் கடிக்காமல் தேயும், தேய்ந்தால் சூடேறும், சூடேறினால் பத்து இழுப்பில் மழுங்கிவிடும்.

வெட்டுவதற்கு முன் பட்டையின் ஓரத்தில் ஒரு நல்ல அரத்தின் மூலையை வைத்து அழுத்தித் தள்ளிப் பாருங்கள். கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கினால் முழுக் கடினம். கரகரவென்று பிடித்தும் பிடிக்காமலும் போனால் ஸ்பிரிங் பதம். தூள் உதிர்ந்து பளபளவென்று தடம் விழுந்தால்தான் ஆக்ஸாவைத் தொட வேண்டும்.

முதல் இரண்டு நிலையிலும் பட்டையை அனீல் செய்ய, அதாவது காய்ச்சி மெதுவாக ஆறவிட்டு இளக்க, வேண்டும். தேவையான நீளத்தைவிட 30 மி.மீ. கூட்டி, கட்டிங் வீலால் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். கிரீஸையும் பெயிண்டையும் முதலிலேயே சுரண்டி எடுத்துவிடுங்கள், நெருப்பில் அந்தப் புகை நல்லதல்ல. கரி உலையில் துண்டு முழுவதும் ஒரே நிறத்தில் சிவக்கும்படி திருப்பித் திருப்பிக் காய்ச்சுங்கள். கம்பியில் கட்டிய காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். சுமார் 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். அதற்கு மேல் ஒரு சாயல் கூடுதலாக, நிழலில் ஆரஞ்சு தெரியும் வரை போனால் போதும். உடனே எடுத்து, தகர வாளி நிறைய வைத்திருக்கும் உமிச் சாம்பலுக்குள் எல்லாப் பக்கமும் ஒரு சாண் ஆழம் இருக்கும்படி புதைத்து, மறுநாள் காலை வரை தொடாதீர்கள்.

இதில் இரண்டு இடத்தில் தவறுவார்கள். சாம்பல் ஈரமாக இருந்தால் அதுவே தோய்ச்சல் போட்டதுபோல் ஆகிவிடும். 3 மி.மீ. போன்ற மெல்லிய துண்டை மட்டும் புதைத்தால் அதன் சூடு சாம்பலில் சீக்கிரமே கலைந்துவிடும். பக்கத்தில் இன்னொரு தடித்த இரும்பையும் சிவக்கக் காய்ச்சிச் சேர்த்துப் புதையுங்கள்.

வெளியே எடுத்ததும் மேலே கருஞ்செதில் ஒட்டியிருக்கும். அது பிளேடையும் அரத்தையும் தின்னும். ஓர் இரவு வினிகரில் ஊறவிட்டுத் தேய்த்தால் உரிந்துவரும். பிறகு சமையல் சோடா கரைத்த நீரில் கழுவித் துடைத்து எண்ணெய் தடவுங்கள், இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் துரு.

ஒன்று கேட்காமலே சொல்ல வேண்டும். லாரிப் பட்டை வருடக்கணக்காக வளைந்து நிமிர்ந்த இரும்பு. நடு போல்ட் ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கலாம். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பூசிப் பாருங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து கறுப்புக் கோடாகத் தெரியும். அந்தத் துண்டு ஆகாது. பட்டையின் தடிமனும் பெரும்பாலும் 6 மி.மீ.க்கு மேல்தான். அரிவாளுக்குச் சரி, அதைக் கொல்லர் அடித்து நீட்டுவார். அடிக்காமல் வெட்டியும் தேய்த்தும் மட்டும் சமையல் கத்தி செய்ய அது பொருந்தாது. முக்கால் பட்டையைத் தூளாக்கித்தான் கத்தியைக் கண்ணால் பார்க்க முடியும்.

கே: அப்படியானால் புதிதாக எந்த எஃகு வாங்குவது? கடையில் ‘ஸ்டீல்’ என்று கேட்டால் எம்.எஸ். பிளாட்டைத் தருகிறார்கள். (வாசகர், ஓசூர்)

ப: எம்.எஸ். பிளாட்டில், அதாவது சாதாரண மைல்ட் ஸ்டீல் பட்டையில், கரிமம் சுமார் 0.2 சதவீதம்தான். எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கத்திக்குரிய பதம் ஏறாது. எவர்சில்வர் பாத்திரத் தகடான 304 ரகமும் அப்படித்தான், அதற்குத் தோய்ச்சல் என்பதே கிடையாது.

முதல் கத்திக்கு ஈஎன்42 வகை ஸ்பிரிங் ஸ்டீல் பட்டையைக் கேளுங்கள். கரிமம் 0.7 முதல் 0.85 சதவீதம் வரை இருக்கும், அனீல் செய்த நிலையிலும் கிடைக்கும். ‘சாஃப்ட்டா, ஹார்டா’ என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். கடிகார ஸ்பிரிங்போல் சுருட்டி வருவது பெரும்பாலும் ஏற்கெனவே பதம் வைத்தது. ஈஎன்31 பேரிங் ஸ்டீலில் கரிமம் 1 சதவீதம், குரோமியம் ஒன்றரை. கூர் நன்றாக நிற்கும். ஆனால் குரோமியத்தால் அது சாம்பலில் ஆறினாலும் முழுதாக இளகாது. காந்தம் இன்னும் ஒட்டும் மங்கல் சிவப்பு வரை, அதாவது 700 டிகிரிக்குச் சற்றுக் கீழே, காய்ச்சி ஆறவிட்டு, அதையே இரண்டு மூன்று முறை செய்தால் அரத்துக்கு இணங்கும்.

தடிமன்: காய் சீவும் சிறு கத்திக்கு 2 மி.மீ., சமையல் கத்திக்கு 2 முதல் 2.5, தோட்டத்துக் கத்திக்கு 3 முதல் 4. ‘கனமாக இருந்தால் உறுதி’ என்று 5 மி.மீ. வாங்குபவர்கள்தான் பிறகு தக்காளி நசுங்குகிறது என்று எழுதுகிறார்கள்.

கடைக்காரர் சொல்வதை நம்ப முடியவில்லை என்றால் ஒரு விரல் நீளத் துண்டைக் காந்தம் விடும் வரை காய்ச்சி, இளஞ்சூடான எண்ணெயில் தோயுங்கள். அரம் வழுக்கினால் கத்தி எஃகு. அதைத் துணியில் சுற்றி வைஸில் பிடித்துத் தட்டினால் படக்கென்று உடையும். வளைந்து கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கே: பிளேடில் 18, 24, 32 என்று போட்டிருக்கிறது. எது வாங்க? எனக்குப் பிளேடு ஒடிந்துகொண்டே இருக்கிறது. (வாசகர், கரூர்)

ப: அது ஓர் அங்குலத்தில் உள்ள பற்களின் எண்ணிக்கை. வெட்டும் இடத்தில் எப்போதும் மூன்று பல்லாவது இரும்பின் மேல் இருக்க வேண்டும். 24 பல் பிளேடில் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.06 மி.மீ. எனவே 3 மி.மீ. பட்டையின் தடிமன் வழியாக நேராக இறங்கினால் இரண்டே முக்கால் பல்தான் உட்காரும், எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள். அங்கே 32 பல் பிளேடு போடுங்கள். 5, 6 மி.மீ.க்கு 18 பல்கூட ஓடும், சீக்கிரமும் வெட்டும். ஒரே பிளேடு வாங்குவதானால் 24 பல், பைமெட்டல். எச்எஸ்எஸ் (சூட்டிலும் கடினம் இறங்காத ஹைஸ்பீட் ஸ்டீல்) பல்லும் வளையும் முதுகுமாக இருப்பதால் கொஞ்சம் கோணினாலும் ஒடியாது. விலை கூடுதல்தான், ஆனால் சாதாரண பிளேடு நான்கைந்து வீணாகும் வேலையை ஒன்றே செய்யும்.

தடிமன் வழியாக வெட்டுவதைத் தவிர்க்க இன்னொரு வழி உண்டு. பிளேடைச் சாய்த்துப் பிடித்தால் அகலப் பக்கத்தில் பல பல் ஒன்றாகப் படும். முதலில் மூலையில் அரத்தால் ஒரு சிறு பள்ளம் போட்டுத் தொடங்கி, சாய்வாகவே இறக்குங்கள்.

பிளேடு ஒடிவதற்கு இழுவிசை போதாததே முதல் காரணம். காது நட்டைக் கையால் இறுக்கியபின் இன்னும் ஒரு சுற்று திருப்புங்கள். தட்டினால் ணங் என்று ஒலிக்க வேண்டும், தொளதொளவென்று அல்ல. பல் முன்னோக்கி இருக்கட்டும். முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பும்போது தூக்க வேண்டாம், அழுத்தத்தை மட்டும் விடுங்கள். நிமிடத்துக்கு 40 முதல் 50 தள்ளு, பிளேடின் முழு நீளமும் ஓட வேண்டும். நடுவில் நான்கு அங்குலத்தை மட்டும் வேகமாக ஆட்டுபவர்களின் பிளேடு நடுவில் மழுங்கி, இரு முனையிலும் புதிதாகவே குப்பைக்குப் போகும்.

இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. பழைய பிளேடு தேயும்போது பற்களின் பக்கவாட்டுச் சாய்வும் தேய்ந்து, அது போட்ட பள்ளம் குறுகலாகிவிடும். பாதி வெட்டில் புதுப் பிளேடு மாட்டி அதே பள்ளத்தில் இறக்கினால், அகலமான புதுப் பல் அங்கே சிக்கிப் படாரென ஒடியும். புதுப் பிளேடு மாட்டினால் பட்டையைத் திருப்பி எதிர்ப் பக்கத்திலிருந்து தொடங்கி, பழைய பள்ளத்தைச் சந்திக்கவையுங்கள்.

நீளவாக்கில் வெட்டும்போது ஃபிரேம் முட்டினால், பிளேடை 90 டிகிரி திருப்பி மாட்டலாம். பெரும்பாலான ஃபிரேம்களில் அதற்கான ஆணி இடம் இருக்கும்.

கே: நேர்க்கோடு வந்துவிடுகிறது. கத்தியின் வயிற்று வளைவும் விரல் பதியும் பள்ளமும்தான் வரவில்லை. பேண்ட்ஸா (பட்டை மின் ரம்பம்) வாங்கத்தான் வேண்டுமா? (வாசகி, மதுரை)

ப: வேண்டாம். ஆக்ஸா திரும்பாது என்பதை ஒப்புக்கொண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. வளைவை இரண்டு விதமாகப் பிரித்துப் பாருங்கள்.

வெளியே புடைத்த வளைவுக்கு, அதாவது வயிறு, முனை, பிடியின் முதுகு போன்றவற்றுக்கு, வளைவைத் தொட்டுக்கொண்டு போகும் நேர்வெட்டுகள் போதும். 120 மி.மீ. வயிற்றுக்கு நான்கு வெட்டு போட்டால் பல கோண உரு கிடைக்கும், மிச்ச மூலைகளை அரம் பார்த்துக்கொள்ளும்.

உள்ளே குழிந்த வளைவுக்குச் சீப்பு வெட்டு. கழிவுப் பகுதியில் 4, 5 மி.மீ. இடைவெளியில் கோட்டுக்கு 1 மி.மீ. முன்வரை நேராக இறக்கிக்கொண்டே போங்கள். சீப்பின் பற்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் முன்னும் பின்னும் ஆட்டினால் உடைந்து வரும். அடியில் மிஞ்சும் மேடுகளை அரைவட்ட அரத்தால் இறக்குங்கள்.

குழிவு ஆழமாக இருந்தால் வரிசை ஓட்டை முறைதான் நல்லது. 5 மி.மீ. டிரில் பிட் வைத்துக்கொள்வோம். அதன் பாதி 2.5, கோட்டுக்கு விட வேண்டிய இடம் 1, ஆக உருவின் கோட்டுக்கு 3.5 மி.மீ. வெளியே இன்னொரு கோடு கீறுங்கள். அந்தக் கோட்டில் 5.5 மி.மீ.க்கு ஒரு புள்ளி சென்டர் பஞ்ச்சால் அடியுங்கள். 120 மி.மீ. நீளத்துக்கு 22 ஓட்டை வரும். ஓட்டைகளுக்கு நடுவே அரை மி.மீ. சுவர் மிஞ்ச வேண்டும் என்பதுதான் கணக்கு. ‘நெருக்கிப் போட்டால் வெட்டவே வேண்டாமே’ என்று 5 மி.மீ.க்கும் குறைத்தால், பிட் பக்கத்து ஓட்டைக்குள் சரிந்து அங்கேயே ஒடிந்து நிற்கும். அதை வெளியே எடுப்பது கத்தி செய்வதைவிடப் பெரிய வேலை.

அனீல் செய்த எஃகில் 5 மி.மீ. எச்எஸ்எஸ் பிட்டுக்குச் சுமார் 950 ஆர்பிஎம் சரி. சாதாரணக் கை டிரில் முழு வேகத்தில் 2,500க்கு மேல் சுற்றும். வேகம் குறைக்கும் பொத்தான் உள்ளதாகப் பாருங்கள், இல்லாவிட்டால் பிட்டின் நுனி நீலமாகிப் போகும். ஒவ்வொரு ஓட்டைக்கும் இரண்டு சொட்டு எண்ணெய். அழுத்தம் தொடர்ந்து இருக்கட்டும். அழுத்தாமல் சுற்றவிட்டால் அந்த இடம் உராய்ந்து கடினமாகி, அடுத்து எந்த பிட்டும் இறங்காது. பட்டையைக் கையால் பிடிக்கவே கூடாது. பிட் மறுபக்கம் வெளிவரும் நொடியில் சிக்கி, பட்டை விசிறிபோல் சுற்றும். டிரிலில் கையுறையும் வேண்டாம்.

கடைசியில் சுவர்களை இரும்பு வெட்டும் உளியால் இரு பக்கமும் பாதிப் பாதி வெட்டினால் கழிவு கழன்றுவிடும்.

கே: ஸ்கெட்ச் பேனாவில் வரைந்தால் வெட்டும்போது அழிந்துவிடுகிறது. (வாசகர், விருதுநகர்)

ப: எண்ணெய் பட்டால் அழியத்தான் செய்யும். பட்டை முழுவதும் மார்க்கிங் புளூ அல்லது கறுப்பு பெர்மனென்ட் மார்க்கர் பூசி, காய்ந்தபின் அட்டையில் வெட்டிய வடிவத்தை வைத்து, கூரான எஃகு ஊசியால் ஒரே கீறலாகக் கீறுங்கள். பூச்சு போனாலும் கீறல் இருக்கும். தவறாகக் கீறினால் மேலே மறுபடி பூசிக்கொள்ளலாம். அட்டை நகராமலிருக்க இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போடுங்கள். கீறியபின் கோட்டின் மேல் 10 மி.மீ.க்கு ஒரு மெல்லிய பஞ்ச் புள்ளி வைத்தால், கிரைண்டர் பொறியிலும் கோடு தெரியும்.

கே: நான் 4 அங்குல கிரைண்டரில் 1 மி.மீ. கட்டிங் வீல் போட்டு வெட்டுகிறேன். வேகமாக முடிகிறது. ஆனால் வெட்டிய ஓரத்தில் அரம் வழுக்குகிறது. நீல நிறமும் ஏறுகிறது. எஃகு கெட்டுவிட்டதா? (வாசகர், கோயம்புத்தூர்)

ப: கெடவில்லை. வீல் உராயும் அந்த மெல்லிய ஓரம் ஒரு கணம் செஞ்சூடாகிறது. பின்னாலிருக்கும் குளிர்ந்த பட்டை அந்தச் சூட்டை உடனே உறிஞ்சிவிடுகிறது. எண்ணெயோ தண்ணீரோ இல்லாமலே ஓரத்துக்கு மட்டும் தோய்ச்சல் நடந்துவிட்டது, அதனால்தான் அரம் வழுக்குகிறது. கல் வீலால் அரை மி.மீ. ஓரத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, அதன்பின் அரம் போடுங்கள். இதனால்தான் கிரைண்டரில் வெட்டும்போது கோட்டிலிருந்து 2 மி.மீ. வெளியே போகச் சொல்கிறோம். லேசரில் வெட்டி வாங்குபவர்களுக்கும் இதே தொல்லை உண்டு, ஓட்டைகளையும் லேசரிலேயே போட்டிருந்தால் அதை பிட்டால் பெரிதாக்கப் போகும்போது தெரியும்.

நீல நிறத்தைப் பற்றி, அனீல் செய்த பட்டையில் கவலையே வேண்டாம். எப்படியும் முழுதாகக் காய்ச்சித் தோய்க்கப் போகிறீர்கள், பழைய நிறத்துக்கு அங்கே மதிப்பில்லை. ஏற்கெனவே பதம் வைத்த எஃகை வெட்டினால்தான் கவலை, அதை அடுத்த பதிலில் பாருங்கள்.

வெட்டும் முறை: ஒரே மூச்சில் இறக்காதீர்கள். முதலில் கோடு முழுவதும் 1 மி.மீ. ஆழத்துக்கு ஒரு தடம், பிறகு அதே தடத்தில் இரண்டு மூன்று நடை. வீல் வளைவில் திரும்பாது, திருப்பினால் சிக்கி உடையும். கத்திப் பகுதியை வைஸில் பிடித்து, கழிவுப் பக்கத்தை அந்தரத்தில் விடுங்கள். இரு பக்கமும் தாங்கு கொடுத்தால், வெட்டு முடியும் தறுவாயில் பட்டை தொய்ந்து வீலைக் கவ்வும், கிரைண்டர் உங்கள் முகத்தை நோக்கி எகிறும். மெல்லிய கட்டிங் வீலின் பக்கவாட்டால் தேய்க்கவே கூடாது. தேய்ப்பதற்கு 6 மி.மீ. கல் வீல் அல்லது 40, 60 நம்பர் ஃபிளாப் வீல் (உப்புத்தாள் இதழ்களை அடுக்கிய சக்கரம்) தனியாக மாட்டுங்கள்.

வீலின் நடு இரும்பு வளையத்தில் மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். அது காலாவதி தேதி. பிசின் ஒட்டு காலத்தாலும் ஈரத்தாலும் வலுவிழக்கும் என்பதால் அந்தத் தேதி தாண்டியதைத் தூக்கிப் போடுங்கள். வீலில் எழுதிய அதிகபட்ச வேகம் கிரைண்டரின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டுப் பெரிய வீல் மாட்டுவதும், மரம் அறுக்கும் பல் சக்கரம் மாட்டுவதும் வேண்டவே வேண்டாம். கண்ணாடியும் அதன் மேல் முகமூடித் தகடும், பருத்திச் சட்டை, ஷூ. லுங்கியும் செருப்புமாக கிரைண்டர் பிடிப்பதை நம் ஊரில் தினமும் பார்க்கிறோம், அதனால் அது சரியென்று ஆகாது.

கே: பழுதான பவர் ஹாக்ஸா பிளேட் ஒன்று கிடைத்தது. அதைக் கத்தி செய்யப் பாவிக்கலாமா? எப்படி வெட்டுவது? (வாசகர், யாழ்ப்பாணம்)

ப: பாவிக்கலாம், எந்த வகை என்று முதலில் பாருங்கள். முதுகுப் பக்கத்தில் அரம் பிடித்தால் அது பைமெட்டல். பல்லோரம் மட்டும்தான் எச்எஸ்எஸ், மற்றது ஸ்பிரிங் எஃகு. கூர் பல்லோரத்தில் வராவிட்டால் பயனில்லை. எல்லாப் பக்கமும் வழுக்கினால் முழு எச்எஸ்எஸ், அதுதான் நல்லது.

எச்எஸ்எஸ்ஸை அனீல் செய்யப் போகாதீர்கள். அதற்குத் திரும்பத் தோய்ச்சல் போட 1,200 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், கரி உலையில் அது நடக்காது. வந்த பதத்திலேயே கட்டிங் வீலாலும் கல்லாலும் மட்டும் உரு எடுங்கள். அதில் நீலம் ஏறினாலும் பதம் இறங்காது. 500 டிகிரிக்கு மேலும் தாங்கும் ரகம் அது. பிடி ஆணிக்கு ஓட்டை போட சாதாரண பிட் உதவாது, கார்பைட் நுனி பிட் வேண்டும். தட்டிச் சமன் செய்யவும் கூடாது, கண்ணாடிபோல் சிதறும்.

மரம் அறுக்கும் வட்ட ரம்பம், பழைய அரம் போன்ற சாதாரண கரிம எஃகை வந்த பதத்திலேயே வெட்டினால் கதை வேறு. அங்கே வைக்கோல் மஞ்சள் 200 டிகிரியைத் தாண்டியதற்கு அடையாளம், நீலம் 300ஐ நெருங்கியதற்கு. நீலம் ஏறிய இடத்தில் கூர் நிற்காது. கோட்டுக்கு 3 மி.மீ. வெளியே வெட்டி, மூன்று நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் நனைத்து, வெறும் விரலால் தொட முடிகிற சூட்டிலேயே வேலை செய்யுங்கள்.

கே: வீட்டில் கத்தி செய்ய உரிமம் வேண்டுமா? (வாசகர், சேலம்)

ப: சமையலுக்கும் விவசாயத்துக்குமான கத்திக்கு இந்திய ஆயுத விதிகளில் தடையில்லை. அந்தப் பயன்களுக்கு அல்லாத கத்தியின் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால்தான் ஆயுதப் பட்டியலில் வரும்.

கே: உரு வெட்டியாகிவிட்டது. தோய்ச்சலுக்கு அனுப்பும் முன் என்னென்ன முடிக்க வேண்டும்? (வாசகர், தஞ்சாவூர்)

ப: ஓட்டைகள்தான் முதலில். தோய்த்தபின் துளைக்க முடியாது. 5 மி.மீ. ஆணிக்கு 5.2 மி.மீ. பிட் போடுங்கள்; மிகச்சரியாகப் போட்டால், தோய்ச்சலில் லேசாக நெளிந்தபின் ஆணி நுழையாது.

அடுத்து, உட்புற மூலைகள். அலகும் பிடிக்குள் போகும் வாலும் சேரும் இடத்தில் ஆக்ஸா விட்டுப் போன கூரான மூலை இருந்தால், எண்ணெயில் முங்கும்போது விரிசல் அங்கேதான் தொடங்கும். உண்மையில் அந்த மூலையில் வெட்டும் முன்பே 6 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டு, வெட்டு அந்த ஓட்டையில் முடியும்படி செய்ய வேண்டும். தவறவிட்டிருந்தால் வட்ட அரத்தால் 3 மி.மீ. ஆரத்துக்குக் குழித்துவிடுங்கள்.

ஓரம் முழுவதையும் 12 அங்குல பாஸ்டர்ட் (நடுத்தரச் சொரசொரப்பு) அரத்தால் கீறல் கோடு வரை இறக்கி, பிறகு அரத்தை இரு கையாலும் குறுக்கே பிடித்து நீளவாக்கில் இழுத்து, குறுக்குக் கீறல்களை எடுங்கள். அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் தூள் அப்பாது. வைஸின் தாடையில் அலுமினியக் கோணத் துண்டு வைக்காவிட்டால் அதன் பல் தடம் உருவில் பதியும்.

கூர் வரவேண்டிய ஓரத்துக்கு நடுக்கோடு வேண்டும். பட்டையின் தடிமனுக்குச் சமமான பிட் ஒன்றைச் சமதளத்தில் படுக்கவைத்து, உருவையும் பக்கத்தில் படுக்கவைத்து, பிட்டின் முனையால் ஓரத்தைக் கீறுங்கள். புரட்டிப் போட்டு இன்னொரு முறை. 3 மி.மீ. பட்டைக்கு 3 மி.மீ. பிட் என்றால் இரண்டு கீறலும் நடுவில் ஒன்றாக விழும். சற்று விலகினால் இரண்டு கோட்டுக்கும் இடைப்பட்டதே நடு. சரிவைத் தேய்க்கும்போது அந்தக் கோட்டின் இரு பக்கமும் சேர்த்து 0.7 முதல் 1 மி.மீ. வரை தடிமனை விட்டுவைத்துத் தோய்ச்சலுக்கு அனுப்புங்கள். கத்தியாகவே சீவி அனுப்பினால் ஓரம் எண்ணெயில் அலை அலையாக நெளியும், மேல்தோலில் கரிமமும் எரிந்துபோயிருக்கும்.